மஞ்சள் கவுன், கை கழுவவில்லை

இது நடந்தது. "எங்க மச்சானோட ஃப்ரெண்டுக்கு யாரோ சொன்னாங்களாம்" என்கிற ரகம் இல்லை. நேரம், பெட் நம்பர், கையெழுத்து எல்லாவற்றோடும் ஒரு தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். வரும்போது கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகக் கிருமி வளர்ப்பதுதான் பிழைப்பு. சிரிக்காதீர்கள். நோயாளியின் சளி, ரத்தம், புண் என்று எதையாவது குச்சியில் தொட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வட்டத் தட்டில் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டு நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருப்பேன். இதற்குக் கல்ச்சர் என்று பெயர். என்ன வளர்கிறதோ அதை எழுதுவேன். வளராததை எழுத மாட்டேன். பிணவறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிற ஆள் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கிண்டல் பண்ணியே ஓட்டிவிடுவேன்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல். மதியம் ஒன்றே முக்கால் மணி. எல்லா டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது.

முதலில் டெய்லர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வயிற்று ஆபரேஷனுக்காக எங்கள் ஐ.சி.யூ.வுக்கு வந்தவர். தையல் கடை வைத்திருந்தார். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. சாம்பிள் என்னிடம் வந்தது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்க, மருந்து தோய்த்த பொட்டுக் காகிதங்களைத் தட்டில் வைப்போம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். டெய்லர் அம்மாவின் தட்டில் பன்னிரண்டு பொட்டு வைத்தேன். ஒரு வட்டம்கூட விழவில்லை. பன்னிரண்டு மருந்தையும் மதிக்காமல் கிருமி பொட்டின் விளிம்புவரை வந்து ஒட்டி உட்கார்ந்திருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவரைக் கண்ணாடி அறையில் தனியாக வைத்தார்கள். ஐம்பத்திரண்டு நாள். உள்ளே போகிறவர்கள் மஞ்சள் கவுன், மாஸ்க், கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பெற்ற மகளே கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டிவிட்டுப் போவாள். படுத்த படுக்கையிலும் அந்த அம்மாவுக்குத் தொழில் மறக்கவில்லை. புதுப் போர்வை போர்த்தினால் அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கடைசிவரை உருவிப் பார்ப்பார். "மடிச்சுத் தைச்சவன் அவசரக்காரன்" என்று சிரிப்பார்.

ஐம்பத்திரண்டாம் நாள் மதியம் ஒன்று ஐம்பதுக்கு இறந்துபோனார். அந்த அறையின் திரைகளை எரித்தார்கள். கட்டிலை மூன்று தடவை கழுவினார்கள். மீதியிருந்த மஞ்சள் கவுன்களையும் அழித்துவிட்டு நீலத்துக்கு மாறினார்கள். அறையைப் பூட்டி, உடைந்த மெஷின்களைப் போட்டுவைத்தார்கள். பிறகு எட்டு மாதம் அந்தக் கிருமி தலைகாட்டவில்லை. அதில் ஒரு துளியை மட்டும் என் ஃப்ரீசரில், மைனஸ் எண்பதில் உறையவைத்திருந்தேன். இப்படிப்பட்டதைப் பத்திரப்படுத்துவது எங்கள் வேலையில் ஒரு பகுதி.

இனி போலீஸ்.

அவள் நர்ஸ்தான். ஆனால் ஊசி போட மாட்டாள். யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்று பார்ப்பதுதான் அவளுடைய டியூட்டி. வார்டில் ஒரு மூலையில், பழைய ஃபைலைப் புரட்டுகிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். யார் எந்த நோயாளியைத் தொட்டார், தொடும்முன் கை கழுவினாரா, தொட்டபின் கழுவினாரா, எல்லாம் நேரத்தோடு தாளில் ஏறும். கையும் களவுமாகப் பிடிப்பது என்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் இதுதான். பெரிய டாக்டரே அவளைக் கண்டால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அதனால்தான் "போலீஸ்" என்று பெயர்.

இந்தக் கணக்கெடுப்புக்கு ஆடிட் என்று பெயர். அதில் ஒரு கறாரான விதி உண்டு. பார்க்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. "ஏம்மா, கை கழுவல?" என்று கேட்டுவிட்டால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள், கணக்கு பொய்யாகிவிடும். விதியைப் போட்டதே அவள்தான்.

அன்றைக்கு அவள் ஆடிட்டுக்கு உட்கார்ந்ததில் ஒரு சின்னத் திருட்டுத்தனம் இருந்தது. ஆறாம் பெட்டில் கிடந்தது அவளுடைய தங்கச்சி.

அம்மா போன பிறகு போலீஸ் தூக்கி வளர்த்த பெண். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், வென்டிலேட்டரில் ஏழாவது நாள். தொண்டைக்குள் குழாய். பெண்குழந்தை பிறந்திருந்தது. தங்கச்சி அதன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. போலீஸும் அதைத் தூக்கவில்லை. "அவ கண்ணு முழிக்கட்டும். முதல்ல அவ தூக்கட்டும், அப்புறம் நான்" என்று பிடிவாதம். சொந்தக்காரர்கள் உள்ளே வர ஒரு நாளைக்குக் கால்மணி நேரம்தான். ஸ்டாஃப் என்றாலும் அதே கால்மணி நேரம்தான். அந்தச் சட்டமும் அவளுடையதே. அதனால், ஆடிட் என்று சொல்லிவிட்டு ஆறாம் பெட்டுக்குப் பக்கத்து மூலையில் நாற்காலி போட்டாள். நேரம் 1:38.

ஆறு பெட். ஆறும் ஒரே வரிசை. அந்தக் கோடியில் ஒன்றாம் பெட், அதற்கும் அப்பால் பூட்டிய கண்ணாடி அறை. இந்தக் கோடியில் ஆறாம் பெட், போலீஸ். ஆறு மானிட்டரும் ஆறு விதமாக பீப்... பீப்... என்று கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் இருக்கும்வரை நிம்மதி.

1:45. ஷிப்ட் மாறும் நேரம். நர்ஸ்கள் எல்லாரும் கவுண்டருக்குப் பின்னால் கூடி ரிப்போர்ட் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் வார்டுப் பக்கம் திரும்பவில்லை.

1:46. ஒன்றாம் பெட் அருகே ஒருத்தி நின்றாள்.

மஞ்சள் கவுன். மாஸ்க். தலையில் தொப்பி. வந்ததை போலீஸ் பார்க்கவில்லை. வார்டுக் கதவு திறந்தால் "டிங்" என்று மணி அடிக்கும், அதுவும் கேட்கவில்லை. புது ஸ்டாஃப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மஞ்சள் கவுன்காரி நோயாளியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். கிளவுஸ் இல்லாத கை. மெதுவாக எடுத்தாள். சுவரில் இருந்த சானிடைசர் பக்கம் கையை நீட்டவே இல்லை. அதில் கை காட்டினால் "க்ர்க்" என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை.

போலீஸுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. மாட்டினாயா என்று பேனாவைத் திறந்தாள்.

1:46. பெட் 1. நெற்றி. கழுவவில்லை.

1:47. இரண்டாம் பெட். போர்வையைச் சரிசெய்தாள், நெற்றியில் கை. கழுவவில்லை.

"அடிப்பாவி" என்று வாய்க்குள் முனகினாள் போலீஸ். எழுந்து போய் நாலு கேள்வி கேட்கலாமா என்று துடித்தது. விதி. உட்கார்ந்தாள். பெருக்கல் குறி போட்டாள்.

1:48. மூன்றாம் பெட். நெற்றி. கழுவவில்லை.

அப்போதுதான் காதில் ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. வார்டு கொஞ்சம் காலியான மாதிரி. எண்ணிப் பார்த்தாள். பீப் சத்தம் ஆறு இருக்க வேண்டும்.

மூன்றுதான் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... மூன்று மானிட்டரிலும் பச்சைக் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதயம் துடிக்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

1:49. நான்காம் பெட். அந்தக் கை நெற்றியில் படும்போது அவள் உற்றுப் பார்த்தாள். பட்டது. நான்காவது பீப் நின்றது.

கழுவவில்லை என்று எழுதும்போது பேனா நழுவியது. அந்த இடத்தில் ஒரு கோணல் கோடு இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் கவுனா?

எட்டு மாதமாக வார்டில் மஞ்சள் கவுன் கிடையாதே... ஒன்றுகூட மிச்சமில்லையே...

1:50. ஐந்தாம் பெட்.

மஞ்சள் கவுன்காரி குனிந்தாள். போர்வையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தாள்.

கடைசிவரை உருவினாள்.

போலீஸ் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கவுண்டரில் நர்ஸ்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பதினைந்தடி தூரம்தான்... ஒருத்திகூடத் திரும்பவில்லை.

ஐந்தாவது பீப் நின்றது.

ஒரே ஒரு சத்தம் மிச்சம். தங்கச்சியுடையது.

பீப்...

பீப்...

மஞ்சள் கவுன் ஆறாம் பெட்டை நோக்கித் திரும்பியது.

அவள் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தங்கச்சிக்கும் அந்தக் கைக்கும் நடுவில் போய் நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் தெரிந்தன. தெரிந்த கண்கள்.

"கல்ச்சர் சுத்தமா வந்துடுச்சா சிஸ்டர்?"

குரல் காதில் விழவில்லை, நெஞ்சுக்குள் கேட்டது என்கிறாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. சாவதற்கு முதல் நாள் டெய்லர் அம்மா போலீஸிடம் கெஞ்சியிருக்கிறார். "அம்பது நாளாச்சும்மா, மனுஷக் கை பட்டு. எல்லாம் ரப்பராவே இருக்கு. ஒரே ஒரு தடவை கிளவுஸ் இல்லாம என் கையைப் பிடியேன்." போலீஸ் சட்டத்தை மீறவில்லை. "கல்ச்சர் சுத்தமா வரட்டும்மா. நானே வந்து பிடிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். சும்மா ஆறுதலுக்குச் சொன்னது. மறுநாள் அவர் போய்விட்டார்.

இப்போது அந்தக் கை நீண்டுகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், தங்கச்சியின் நெற்றிப் பக்கமாக.

"வந்துடுச்சும்மா" என்றாள் போலீஸ்.

பொய். வாழ்நாளில் ஒரு ரிப்போர்ட்டில்கூடப் பொய் எழுதாதவள்.

"அவ வேணாம்மா. பச்சை உடம்புக்காரி... நான் பிடிக்கிறேன். நான்தானே சொன்னேன்."

வார்டுக்குள் எப்போதும் மாட்டியிருக்கும் கிளவுஸை வலது கையிலிருந்து உரித்துப் போட்டாள். கையை நீட்டினாள்.

1:52.

ஈரமாக இருந்தது. ஜில்லென்று இல்லை. காய்ச்சல்காரர் கை மாதிரி கொதித்தது.

பிடித்தது.

விடவில்லை.

பீப்...

...

பீப்... பீப்... பீப்... ஆறு மானிட்டரும் ஒன்றாகக் கத்தின. எதிரில் யாரும் இல்லை. "என்ன சிஸ்டர், சும்மா நிக்கிறீங்க? கையை ஏன் நீட்டிட்டு இருக்கீங்க?" என்று கவுண்டரிலிருந்து ஒரு நர்ஸ் கேட்டாள். மணி 1:53.

2:30-க்கு என் லேபில் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. நான்கு தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள், கை சிவந்திருந்தது.

"அண்ணா, என் கையில கல்ச்சர் பாருங்க. அஞ்சு பெட்டுக்கும் பாருங்க. ஆறுக்கும்."

"என்னம்மா போலீஸ், உன் கையிலயே அழுக்கா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பெரிய தட்டு ஒன்றை எடுத்து, அதில் உள்ளங்கையை அழுத்தச் சொன்னேன். நடந்ததை எல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். நடுவில் ஒருமுறை மட்டும் அழுதாள். "அஞ்சு தடவை பார்த்தேன் அண்ணா. அஞ்சு தடவையும் உக்காந்து பெருக்கல் குறி போட்டுட்டு இருந்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தா..." டீ வாங்கிக் கொடுத்தேன்.

நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றாம் பெட் முதல் ஐந்தாம் பெட் வரை எல்லாத் தட்டிலும் வளர்ந்திருந்தது. பன்னிரண்டு பொட்டு, ஒரு வட்டம் இல்லை. ஆறாம் பெட் சுத்தம்.

பிறகு போலீஸின் தட்டு. சாதாரணமாக உள்ளங்கை முழுக்கச் சிதறலாகத்தான் வளரும். இதில் அப்படி இல்லை. உள்ளங்கைக்குக் குறுக்கே, பக்கம் பக்கமாக நான்கு பட்டை. பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வலது கையை என் இடது கையால் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் எங்கே படுகின்றனவோ, அங்கே. அவளைக் கூப்பிட்டுப் புறங்கையிலும் குச்சியால் தொட்டு எடுத்து வளர்த்தேன். ஒரே ஒரு இடத்தில் வளர்ந்தது. கட்டைவிரல் படுகிற இடம்.

வார்டு கேமராவையும் பார்த்தோம். 1:46 முதல் 1:52 வரை ஐந்து பெட் பக்கமும் யாரும் வரவில்லை. 1:52-க்கு போலீஸ் எழுகிறாள், கையை நீட்டுகிறாள், ஐம்பத்தெட்டு விநாடி அப்படியே நிற்கிறாள். அவ்வளவுதான்.

ஐந்து பேரில் இரண்டு பேர் பிழைக்கவில்லை.

கிருமியை எல்லாம் பெரிய லேபுக்கு அனுப்பினேன். ஃப்ரீசரில் இருந்த டெய்லர் அம்மாவின் கிருமியையும் சேர்த்து. அங்கிருந்த டாக்டரம்மா போன் பண்ணினார். "நீங்க பாட்டில் எதையாவது மாத்தி அனுப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "கிருமி பெருகப் பெருக மாறிக்கிட்டே இருக்கும். எட்டு மாசம் வெளியில சுத்தியிருந்தா கொஞ்சமாவது மாறியிருக்கணும். இதோட மரபணுவுல ஒரு எழுத்துகூட மாறல. நேத்து அந்தம்மா உடம்புலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கு." பாட்டிலை நான் மாற்றவில்லை. என் குழந்தைகள் மேல் சத்தியம்.

பத்தொன்பதாம் நாள் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். குழந்தையைத் தூக்கினாள். போலீஸ் வாசலில் நின்று பார்த்தாள்.

அவளை ஐ.சி.யூ.விலிருந்து எடுத்து, பழைய ஃபைல் அறையில் போட்டார்கள். ராத்திரி பகல் எந்நேரமும் வலது கையில் கிளவுஸ். மாதாமாதம் என்னிடம் வந்து தட்டில் கையை அழுத்துவாள். மாதாமாதம் அதே நான்கு பட்டை. என்னென்னவோ மருந்து தடவிப் பார்த்தோம், ஊஹூம். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. பெரியம்மா ஒருநாளும் தொடவில்லை. சொந்தத்தில் சும்மா இருப்பார்களா? "தனக்கு ஒண்ணு இல்லைங்கிற வயித்தெரிச்சல். குழந்தையைத் தொடக்கூட மனசு வரல பாரு" என்று காதுபடவே பேசினார்கள். தங்கச்சியும் ஒருநாள் கேட்டேவிட்டாள். "என் பொண்ணு உனக்கு என்னக்கா பாவம் பண்ணுச்சு?" போலீஸ் கிளவுஸ் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். என்னவென்று சொல்வாள்?

குழந்தைக்கு ஒன்றேகால் வயது ஆனது.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டு சோபாவில் கண்ணயர்ந்திருக்கிறாள். கிளவுஸுக்குள் தோல் உரிந்து ஒரே அரிப்பு, கழற்றி மடியில் வைத்திருந்தாள். இரண்டு நிமிஷம்தான் என்று நினைத்தாள். விழித்தபோது மணி 3:10. குழந்தை அவள் எதிரில் நின்று, அவளுடைய வலது கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டதாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். "பைத்தியமாக்கா உனக்கு!" என்று தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை வழக்கம்போல வந்தாள், தட்டில் கையை அழுத்தினாள், ஒரு வார்த்தை பேசாமல் போனாள். மாதாந்தர டெஸ்ட்தானே என்று நானும் பெட்டிக்குள் வைத்தேன்.

நேற்று, புதன்கிழமை காலை 10:20. பெட்டியைத் திறந்தேன். அவள் தட்டு பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. பதினைந்து மாதத்தில் முதல் தடவை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உடனே போனை எடுத்தேன்.

"போலீஸ்! சுத்தம்மா! ஒண்ணும் வளரல. சுவீட் எப்போ?"

ஃபைல் அறையின் மின்விசிறி மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்போ... அது எங்க போச்சு அண்ணா?" என்றாள்.

12:05-க்குக் குழந்தையோடு வந்தாள். தங்கச்சியும் கூட வந்து, ஒன்றும் புரியாமல் முறைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் அந்தச் சின்ன வலது கையைப் பிடித்துத் தட்டில் அழுத்தினேன். குழந்தைக்கு விளையாட்டு, கூச்சத்தில் கெக்கலித்துச் சிரித்தது. இரண்டு கிளவுஸ் மாட்டியிருந்தேன். அப்படியும் அந்தக் கை என் விரலுக்குள் கொதித்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். இல்லை. வேறு எங்கேயும் சூடு இல்லை.

தட்டைப் பெட்டிக்குள் வைத்து நேரம் எழுதியிருக்கிறேன். நாளை மதியம் 12:05-க்கு நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தட்டைக்கூட நான் அடுத்தவர் பார்க்க விட்டதில்லை. நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.